கெய்ரோவின் குப்பை மேடும் அல்-அஸ்ஹர் பூங்காவும்

கெய்ரோ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அல்-அஸ்ஹர். அடுத்து நைல் நதியும் பிரமிட்டுகளும். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் ஆர்வமுள்ளோருக்கு இவற்றோடு ஒராபி பாஷாவின் பெயரும் சேர்ந்து வரும். தமிழ் நாவலின் தொடக்க காலத்தைத் தேடிச் செல்வோர், அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திர'த்தின் நாயகன் மிஸ்று தேசத்துப் பிள்ளை என்பதை அறிவர். நமக்கும் அந்நகருக்கும் உள்ள உறவு இவ்வாறு ஏட்டளவிலேயே ஒரு நூற்றாண்டைக் கடந்தது.

ஆயினும் கெய்ரோவுக்குச் சென்று திரும்பும் நம்மவர்கள் பலரும் சொல்லும் கதைகள் ஒரே மாதிரியானவை. பள்ளிவாசல்களில் தொழுதோம், ஸியாரங்களுக்குச் சென்றோம், கான் அல்-கலீலிக் கடைத்தெருவில் அத்தரும் தஸ்பீஹும் வாங்கினோம் என்பார்கள். அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்குக் கிழக்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. ஆயிரம் ஆண்டு கால நகரம் ஒன்றின் கதையை, அதன் அரண்மனைகளைவிடவும் கூடுதலாக எனக்குச் சொன்னது அந்தப் பூங்காவே. எனவே அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நகரில் சில நாட்கள் தங்க நேர்ந்தபோது, அஸ்ஹரில் பயிலும் கிழக்கு மாகாணத்து மாணவர் ஒருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். ஸலாஹ் ஸாலிம் வீதி வழியாகப் போனோம். கெய்ரோவின் வாகன நெரிசலை அனுபவித்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. அனுபவிக்காதவர்கள், பெருநாளுக்கு முந்திய மாலையில் நம் புறக்கோட்டை எப்படி இருக்குமோ அதை நான்கு மடங்காக்கி, ஒவ்வொரு சாரதியும் ஹோர்னிலிருந்து கையை எடுப்பதில்லை என்றும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்த இரைச்சலின் ஓரத்திலேயே வாயில் இருந்தது. டிக்கட் வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினோம்.

ஏறினோம் என்பது வெறும் வார்த்தையல்ல. பூங்கா ஒரு மேட்டின் மேல் அமைந்திருக்கிறது. நடுவே அகன்ற நடைபாதை. இரு மருங்கிலும் நெடிதுயர்ந்த பனை இனத்து மரங்கள். இடையிடையே மெல்லிய நீர்க்கால்கள். தென்புறமாகத் தாழ்ந்து செல்லும் இடத்தில் ஒரு சிறு குளம். புல்வெளியில் குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்ந்திருந்தனர். பாத்திரங்களில் வீட்டுச் சாப்பாடு, ஓடித் திரியும் பிள்ளைகள், அவர்களை அதட்டிக்கொண்டே தேநீர் ஊற்றும் தாய்மார். தெற்கே ஸலாஹுத்தீனின் கோட்டையும் அதன் மேல் முஹம்மத் அலி பாஷாவின் பள்ளிவாசலும். மேற்கே பழைய நகரின் மினாராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக. கிழக்கே, நாங்கள் வந்த பெருவீதிக்கு அப்பால், குவிமாடங்கள் நிறைந்த பெரும் மையவாடி.

"இதுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா, காக்கா?" என்று கேட்டார் மாணவர்.

"என்ன தம்பி?"

"குப்ப. அஞ்சூறு வருஷத்துக் குப்ப. அந்தக் கரையில குப்பைக்குள்ள ஒரு மதிலையே மூடி வெச்சிருந்திருக்காங்க."

"யார்ட மதில்?"

"ஸலாஹுத்தீன் ஐயூபிட."

அவர் சொன்னது முழுதும் உண்மை. அந்த மதிலிலிருந்தே கதையைத் தொடங்கவேண்டும்.

பாத்திமிய்யாக்களின் தளபதி ஜவ்ஹர், கி.பி. 969இல் எகிப்தைக் கைப்பற்றியவுடன் அல்-காஹிரா நகருக்கு அடிக்கல் நாட்டினார். நாம் கெய்ரோ என்று சொல்வது இந்த அல்-காஹிராவின் மருவிய வடிவமே. அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் கட்டுமானம் அடுத்த ஆண்டு தொடங்கி 972இல் நிறைவெய்தியது. அக்காலத்து அல்-காஹிரா கலீபாவுக்கும் அவரது பரிவாரங்களுக்கும் படையினருக்கும் உரிய அரண்மனை நகரமாகவே இருந்தது. பொதுமக்கள் தெற்கே, பழைய ஃபுஸ்தாத்தில் வாழ்ந்தனர். 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வந்த பாரசீக யாத்திரிகர் நாஸிர் குஸ்ரவ், ஃபுஸ்தாத்தின் அடுக்கு வீடுகளைக் கண்டு வியந்து ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் தம் ஏழு மாடி வீட்டின் கூரையில் தோட்டம் போட்டிருந்தாராம். கன்றுக்குட்டி ஒன்றை மேலே கொண்டுபோய் அங்கேயே வளர்த்து, அது காளையானதும் நீர்ச் சக்கரத்தைச் சுற்ற வைத்து, தோடையும் வாழையும் பயிரிட்டாராம். நெருக்கமான நகரில் பசுமைக்காக மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஸலாஹுத்தீன் 1169இல் எகிப்தின் வஸீரானார். 1171இல் பாத்திமிய்யா கிலாபத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். சிலுவைப் போர்கள் உச்சத்தில் இருந்த காலம் அது. 1176 அளவில் அவர் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார். அரண்மனை நகரான அல்-காஹிராவையும் மக்கள் நகரான ஃபுஸ்தாத்தையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவருவதும், இரண்டுக்கும் மேலாகக் குன்றில் ஒரு கோட்டை எழுப்புவதுமே அத்திட்டம். வேலையை முன்னின்று நடத்தியவர் அமீர் பஹாஉத்தீன் கராகூஷ். 1193இல் ஸலாஹுத்தீன் காலமானபோது மதில் முற்றுப்பெற்றிருக்கவில்லை. ஆயினும் ஆள்வோரின் நகரையும் ஆளப்படுவோரின் நகரையும் ஒரே அரணுக்குள் வைக்கும் எண்ணம் அந்தக் கற்களில் பதிந்துவிட்டது.

கிழக்கு மதிலில் ஒரு வாயில் உண்டு. அதன் பெயர் பாப் அல்-மஹ்ரூக், அதாவது எரிந்த வாயில். அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1254இல் மம்லூக் சுல்தான் ஐபக், தனக்குப் போட்டியாக வளர்ந்த அமீர் அக்தாயைக் கோட்டைக்கு அழைத்துக் கொல்வித்தார். அக்தாயின் தோழர்கள் இரவோடிரவாக நகரை விட்டோடினர். வாயில் பூட்டியிருந்தது. அதற்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினர். அப்படித் தப்பிச் சென்றவர்களுள் பைபர்ஸும் ஒருவர். ஆறு ஆண்டுகளின் பின் ஐன் ஜாலூத்தில் தாத்தாரியரை எதிர்த்து வென்ற படையில் முன்னணியில் நின்று, பின்னர் சுல்தானாகவும் ஆன அதே பைபர்ஸ்தான். ஓர் ஊரின் கதவு அதன் அரசியலைப் பெயராகத் தாங்கி நிற்பது இப்படித்தான்.

இத்தகைய மதில் எவ்வாறு குப்பைக்குள் போனது? எவரும் அதைத் திட்டமிட்டுப் புதைக்கவில்லை. மம்லூக்குகளின் காலத்தில் நகரம் தெற்கேயும் மேற்கேயும் பரந்தது. கிழக்கே பாலை நிலமும் மையவாடியும் மட்டுமே. சிலுவைப் படைகளின் அச்சம் நீங்கியபின் கிழக்கு மதிலுக்குக் காவல் வேலை இல்லாமற் போயிற்று. 1348இல் பெருங்கொள்ளைநோய் வந்தது. பின்னரும் மீண்டும் மீண்டும் வந்தது. ஆளற்ற வீடுகள் இடிந்தன. இடிபாடும் சாம்பலும் உடைந்த மட்பாண்டமும் கொட்டுவதற்கு மதிலுக்கு அப்பாலிருந்த வெளி வசதியாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொட்டினார்கள். மேடு உயர்ந்தது. இறுதியில் மதிலின் உச்சிப் பல்வரிசை வரைக்கும் மண் ஏறிவிட்டது. உட்புறத்தில் தர்ப் அல்-அஹ்மர் என்னும் ஏழைக் கைவினைஞர் குடியிருப்பு மதிலோடு ஒட்டி, சில இடங்களில் மதிலின் மீதே வளர்ந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களிற் பலர், தம் வீட்டுக் கொல்லைச் சுவர் ஸலாஹுத்தீனுடையது என்பதை அறியாமலே வாழ்ந்து மறைந்திருப்பர்.

மேடு தன் பங்குக்கு வரலாற்றில் தலைகாட்டாமலும் இல்லை. 1798 ஒக்டோபரில் பிரெஞ்சுப் படையினருக்கு எதிராகக் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்து அல்-அஸ்ஹரில் திரண்டபோது, நெப்போலியனின் பீரங்கிகள் கோட்டையிலிருந்தும் கிழக்குப்புற மேடுகளிலிருந்தும் பள்ளிவாசலை நோக்கி முழங்கின.

இங்கே மற்றொரு பூங்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதன் கதை கொழும்பில் வந்து முடிகிறது.

பழைய நகருக்கு மேற்கே, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அஸ்பக் என்ற மம்லூக் அமீர் ஒரு குளத்தை வெட்டி அதைச் சுற்றி மாளிகைகள் எழச் செய்தார். அவர் பெயரால் அவ்விடம் அஸ்பக்கிய்யா ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் குளம் வற்ற வைக்கப்பட்டது. 1867இல் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்று அந்நகரின் புதுக்கோலத்தைக் கண்டு மயங்கித் திரும்பிய கெதீவ் இஸ்மாயில், கெய்ரோவையும் அவ்வாறே ஆக்க முனைந்தார். பாரிஸின் பூங்காக்களை அமைத்த பாரியே-தெஷாம் வரவழைக்கப்பட்டார். அஸ்பக்கிய்யா, வேலியும் வாயிலும் நுழைவுக் கட்டணமும் கொண்ட பிரெஞ்சுப் பாணிப் பூங்காவாயிற்று. அருகே இசை நாடக அரங்கு எழுந்தது. 1869 நவம்பரில் சுயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு ஐரோப்பிய முடிகள் வந்திறங்கின.

அத்தனையும் கடன். கால்வாய்க்கும் மாளிகைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் படையெடுப்புகளுக்கும் பூங்காக்களுக்குமாக ஐரோப்பிய வங்கிகளிடம் பட்ட கடன், 1876இல் எகிப்தின் வரவு செலவையே அந்நியர் கையில் ஒப்படைக்க வைத்தது. 1879இல் இஸ்மாயில் பதவி இழந்தார். வரிச்சுமையில் நசுங்கிய விவசாயிகளினதும், உயர் பதவிகள் மறுக்கப்பட்ட எகிப்திய இராணுவ அதிகாரிகளினதும் கோபத்திலிருந்து எழுந்தவரே அஹ்மத் ஒராபி. கிராமத்து விவசாயியின் மகன். சிறு வயதில் அல்-அஸ்ஹரில் சில ஆண்டுகள் படித்தவர். 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற குரல் அவரது இயக்கத்தின் குரலாயிற்று. 1882 செப்டெம்பர் 13ஆந் திகதி டெல் எல்-கபீரில் பிரித்தானியப் படையிடம் அவர் தோல்வியுற்றார். 1883 ஜனவரியில் தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கினார்.

அதன் பின்னர் நடந்தவை நம் வாசகர்கள் அறிந்தவையே. அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் ஒராபியும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1892இல் மருதானையில் பின்னாளைய ஸாஹிறாக் கல்லூரி தோன்றியது. துருக்கித் தொப்பி நம் சமூகத்தின் அடையாளமாயிற்று. ஒராபி கண்டிக்குக் குடிபெயர்ந்து, 1901இல் நாடு திரும்பி, 1911இல் கெய்ரோவில் காலமானார். அவர் திரும்பிச் சென்றபோதும் அல்-அஸ்ஹருக்குப் பின்னால் குப்பை மேடு அப்படியேதான் இருந்தது. மன்னர் ஒருவர் கடன் வாங்கி அமைத்த பூங்காக்களின் விலையை மக்கள் கொடுத்தார்கள். அந்த விலையின் ஒரு துளி நாடுகடத்தப்பட்ட ஒரு மனிதராக நம் கரையில் வந்து ஒதுங்கியது. நமக்கு அது கல்வியாயிற்று. வரலாறு தன் கணக்கை இப்படியும் நேர் செய்வதுண்டு.

இனி மேட்டுக்கே திரும்புவோம்.

1984இல் இஸ்லாமியக் கட்டடக்கலை பற்றிய கருத்தரங்கொன்று கெய்ரோவில் நடந்தது. வளர்ந்துகொண்டே போகும் அந்நகரின் நெருக்கடியே அதன் பொருள். அதற்கு வந்திருந்த இளவரசர் கரீம் ஆகா கான், நகருக்கு ஒரு பூங்காவை அன்பளிப்பாகத் தருவதாக அறிவித்தார். நகரின் நடுவே அவ்வளவு பெரிய வெற்று நிலம் எங்கே கிடைக்கும்? கிடைத்தது தர்ராஸா என்று வழங்கிய அந்தக் குப்பை மேடு மட்டுமே. சுமார் 30 ஹெக்டெயர். கெய்ரோவாசி ஒருவருக்குரிய பசுமை நிலம் ஒரு காலடி அளவே என்று கணிக்கப்பட்ட நகரில் அது சிறிய நிலமல்ல.

அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே 20 ஆண்டுகள் ஓடின. முதலில், நகரின் குடிநீருக்காக 80 மீற்றர் விட்டமுள்ள மூன்று பெருந் தாங்கிகளை அம்மேட்டிலேயே அமைக்கவேண்டும் என்றாயிற்று. அவை கட்டி முடியும்வரை காத்திருந்து, அவற்றை உள்ளடக்கியே பூங்காவைத் திட்டமிட்டார்கள். அடுத்தது மண். நூற்றாண்டுக் கணக்கான குப்பை மண்ணில் உப்பு ஏறியிருந்தது, எதுவும் முளைக்காது. 15 இலட்சம் கன மீற்றர் மண்ணும் இடிபாடும் அகற்றப்பட்டும் இடம் மாற்றப்பட்டும் சீர் செய்யப்பட்டன. லொறிக் கணக்கில் சொன்னால் 80,000 சுமைக்கு மேல். அதன் மேல் களிமண்ணும் நல்ல மண்ணும் பரப்பி, அந்நிலத்துக்கு ஏற்ற செடிகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். நிலவமைப்பைத் திட்டமிட்டவர்கள் எகிப்தியக் கலைஞர்களான மாஹிர் ஸ்தீனோவும் லைலா அல்-மஸ்ரி ஸ்தீனோவும். செலவு 3 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். 2005 மார்ச்சில் பூங்கா முறையாகத் திறந்துவைக்கப்பட்டது.

மேற்கு ஓரத்தில் சரிவைச் சீர் செய்வதற்காகத் தோண்டிக்கொண்டு போனபோதுதான் மதில் முழு உருவில் வெளிப்பட்டது. ஏறக்குறைய 15 மீற்றர் ஆழம் வரை இறங்கினார்கள். கோபுரங்கள், உட்பாதைகள், அம்பெய்யும் துளைகள், வாயில்கள் எல்லாம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுக்குத் தொடர்ந்து சென்றன. குப்பை மதிலை மறைத்தது; அதே குப்பைதான் அதைக் காப்பாற்றியும் இருக்கிறது. திறந்த வெளியில் நின்ற பழைய மதில்கள் பலவற்றின் கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்துச் சென்று வீடு கட்டிவிட்டனர். மண்ணுக்குள் இருந்த கல்லை எவரும் பெயர்க்க முடியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆகா கான்கள் தம்மைப் பாத்திமிய்யா கலீபாக்களின் வழித்தோன்றல்கள் எனக் கொள்பவர்கள். அந்தக் கிலாபத்தை முடித்து வைத்தவர் ஸலாஹுத்தீன். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், முடிவுக்கு வந்த வம்சத்தின் உரிமை கோரும் ஒருவருடைய பணம், முடித்து வைத்தவரின் மதிலைத் தோண்டியெடுத்துச் செப்பனிட்டது. ஒரு தரப்பின் வரலாற்றை மறுதரப்புக் காப்பாற்றியிருக்கிறது. இஸ்மாயீலிய்யாக்களோடு நமக்குள்ள கொள்கை வேறுபாடு அப்படியே இருக்க, இந்தச் செயலின் பெருந்தன்மையை நாம் மெச்சத்தான் வேண்டும். கொழும்பில் நம்மோடு வாழும் போரா சமூகத்தவரின் அன்றைய தலைவர், 1980இல் அதே நகரில் கலீபா அல்-ஹாக்கிமின் பள்ளிவாசலைப் புதுப்பித்ததும் நினைவுகூரத் தக்கது. கரீம் ஆகா கான் 2025 பெப்ரவரியில் காலமானார். அவரது உடலும் எகிப்திலேயே, அஸ்வானில் அடக்கம் செய்யப்பட்டது.

மதில் வெளிப்பட்டதும் பெரியதொரு கேள்வி எழுந்தது. மதிலின் உட்புறம் ஒட்டி வாழும் மக்களை என்ன செய்வது? வழக்கமான விடை எல்லா நாடுகளிலும் ஒன்றுதான். வீடுகளை இடித்து, மதிலைச் சுற்றி வெளியை உண்டாக்கி, மின்விளக்குப் போட்டு, உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்டுவது. குடியிருந்தவர்களை எங்கோ தொலைவில் அடுக்குமாடியில் அடைப்பது. தர்ப் அல்-அஹ்மருக்கும் அவ்வாறான பழைய திட்டங்கள் இருந்தன. பூங்காத் திட்டத்தார் அவற்றை ஒதுக்கிவிட்டு, மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 100க்கும் மேற்பட்ட வீடுகள், குடியிருந்தோரின் பங்களிப்போடு திருத்தப்பட்டன. பகுதி இளைஞர்களுக்குக் கல் வேலையும் தச்சு வேலையும் பழக்கி, மதிலையும் பள்ளிவாசல்களையும் செப்பனிடும் பணியில் அவர்களையே அமர்த்தினார்கள். சிறு தொழிலுக்குக் கடன் வழங்கப்பட்டது.

அவ்வாறு மீண்டெழுந்த கட்டடங்களுள் ஒன்று, சுல்தான் ஷஅபான் தன் தாயாருக்காக 1368-69இல் எழுப்பிய மத்ரஸாவும் பள்ளிவாசலும். உம்மு சுல்தான் ஷஅபான் என்றே அது வழங்கப்படுகிறது. வேறொன்று கைர்பெக்கின் கட்டடத் தொகுதி. இந்தக் கைர்பெக் 1516இல் தன் சுல்தானைக் கைவிட்டு உஸ்மானியர் பக்கம் சாய்ந்து, பரிசாக எகிப்தின் முதல் உஸ்மானிய ஆளுநர் பதவியைப் பெற்றவர். தாயை நேசித்த மகனின் கல்லும், எசமானைக் கைவிட்டவரின் கல்லும் ஒரே தெருவில் ஒரே கவனத்தோடு பழுது பார்க்கப்பட்டிருக்கின்றன. வரலாற்றைப் பேணுவோர் நல்லவர் கெட்டவர் பார்த்துக் கல்லைத் தெரிவு செய்வதில்லை.

மாணவரும் நானும் மேட்டிலிருந்து இறங்கி மதிலோரமாக நடந்தோம். ஒரு புறம் புதிதாய் நட்ட மரங்கள். மறுபுறம் மதிலுக்கு மேலாகத் தலை நீட்டும் வீடுகள். மாடியில் ஒரு பெண் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். வேறொரு கூரையில் புறாக்கூடு. எங்கிருந்தோ தச்சுப் பட்டறையின் ஓசை. நான் பார்த்த பூந்தோட்டங்கள் எதையும்விட அந்தத் துணிக்கொடிதான் எனக்கு நிறைவளித்தது. மதில் வெளியே வந்திருக்கிறது, மதிலருகே வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

எல்லாம் நிறைவாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. வாயிலில் கட்டணம் அறவிடுகிறார்கள். பராமரிப்புக்கு அது வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் அஸ்பக்கிய்யாவின் வேலி நினைவுக்கு வராமல் இல்லை. அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பத்துக்கு ஆறேழு பேரின் நுழைவுச் சீட்டும் ஒரு செலவுதான். உள்ளே இருக்கும் உணவகங்கள் அவர்களுக்கானவை அல்ல. மேலும், வெளியிலிருந்து ஒரு கொடையாளி வந்ததாலேயே இது நடந்தது என்பதும், மாநகரம் தானாகத் தன் குப்பைக்குள் தேடவில்லை என்பதும் மறக்கக் கூடியதல்ல.

அதே மேட்டில் நின்று கிழக்கே திரும்பினால் தெரியும் மையவாடியின் கதை இன்னும் கசப்பானது. 2020 தொடக்கம் கெய்ரோவின் பழைய மையவாடிகளூடாகப் பெருவீதிகளும் மேம்பாலங்களும் அமைக்கப்பட்டன. அவற்றுக்காக அறிஞர்கள், பிரபுக்கள், சாதாரண மக்கள் எனப் பலரின் அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டன. வரலாற்றாளர்களும் கட்டடக்கலைஞர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கபுறுக் கற்களில் பொறித்திருந்த எழுத்துகளைப் படம் பிடித்துக் காப்பாற்ற இளைஞர்கள் ஓடித் திரிந்தார்கள். கெய்ரோவின் வரலாற்று நகரம் 1979இலேயே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியல் மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது. ஒரு மேட்டின் மேற்குச் சரிவில் மீட்டதும், கிழக்கே இழந்ததும், ஒரே நகரத்தின் இரு கைகள் செய்தவை.

இதையெல்லாம் எழுதும்போது நம் கொழும்பை எண்ணாமல் இருக்க முடியவில்லை. நமக்கும் குப்பை மேடு உண்டு. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெய்ரோவின் மேட்டருகேயும் இங்கேயும் வாழ்ந்தவர்கள் ஒரே வகையினர். மாநகரின் வேலைகளைச் செய்பவர்கள், மாநகரின் கழிவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டவர்கள். குப்பையை என்ன செய்வது என்ற கேள்வியின் உள்ளே, அதனருகே வாழ்பவரை நாம் எப்படிக் கணிக்கிறோம் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

அழகுபடுத்தலின் மறுபக்கத்தையும் நாம் அறிவோம். 2010 மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில், மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்த அப்பகுதியின் பல தெருக்கள் உயர் கட்டடங்களுக்கு வழிவிட்டன. நகரம் பசுமையாவதையும் நடைபாதைகள் சீராவதையும் எவரும் வெறுக்க மாட்டார்கள். மாலையில் விஹாரமகாதேவிப் பூங்காவில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்க்க யாருக்குத்தான் விருப்பமில்லை? கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் புல்லில் அமர்ந்திருப்பவர்களுள் முன்பு அவ்விடத்தருகே வாழ்ந்தவர்களும் இருக்கிறார்களா? தர்ப் அல்-அஹ்மரில் இருக்கிறார்கள். ஆகையால் அது முடியாத காரியம் என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

எழுதுவோராகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கொழும்பின் முஸ்லிம் மையவாடியொன்றிலிருந்து, 1787இல், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் தம் வீட்டுப் படிக்கட்டுக்கெனக் கல்லொன்றை எடுத்துச் சென்றார். கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்த அந்தக் கல், கி.பி. 10ஆம் நூற்றாண்டில் இங்கு அடக்கம் செய்யப்பட்ட ஒரு முஸ்லிமின் மீஸான் கல். அதாவது, ஜவ்ஹர் அல்-காஹிராவுக்கு அடிக்கல் நாட்டுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே கொழும்பில் அரபு எழுத்துத் தெரிந்த ஒரு கல்தச்சர் இருந்திருக்கிறார், அதை வாசிக்கக் கூடிய ஒரு சமூகமும் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் ஒருவர் அதை வாசித்துப் பதிவு செய்ததாலேயே இன்று நம் தொன்மைக்கு அதைச் சான்றாகக் காட்டுகிறோம். வாசிக்கப்படாமல் படிக்கட்டுகளிலும் அத்திவாரங்களிலும் போன கற்கள் எத்தனையோ.

நம் ஊர்களின் பழைய மையவாடிகள், தைக்காக்கள், துறைமுகத்தை அண்டிய பண்டகசாலைகள், இடிக்கப்படும் தெருக்கள், அத்தெருக்களில் வாழ்ந்த மூத்தவர்களின் ஞாபகங்கள் ஆகியவற்றை எழுதி வைக்க ஆகா கானின் டொலர்கள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், ஒரு புகைப்படக் கருவியும், மாலை வேளையில் ஒரு வாப்பும்மாவின் அருகே அமர்ந்து கேட்கும் பொறுமையும் போதும். பெருவீதிக்கான அளவுகோலோடு ஆட்கள் வந்து நிற்பதற்கு முன்னர் அந்த வேலை தொடங்கப்பட வேண்டும்.